யானைப்பாதம்: ஆப்கான் கம்பளத்தின் பெயர்கள்

தில்லியில் ஒரு கம்பளக் கடை. நான் வாங்க வந்தவன் இல்லை என்பது கடைக்காரருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தேநீர் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினைந்து இருபது கம்பளங்கள் விரிந்தன. கடைசியாக விரித்ததன் மூலையை மடக்கிப் பின்பக்கத்தைக் காட்டி, ஓர் அடிஸ்கேலை என் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார். ஓர் அங்குலத்துக்குள் குறுக்கே 12 முடிச்சு, நெடுக்கே 12. ஆக சதுர அங்குலத்துக்கு 144. கம்பளம் இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம். அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 13 லட்சத்து 40 ஆயிரம் முடிச்சுகள். கை பழகிய ஒரு பெண் நாளெல்லாம் உட்கார்ந்து எட்டாயிரம் முடிச்சு போடுவாள் என்று வைத்துக்கொண்டால், ஒருத்திக்கு 167 நாள் பிடிக்கும். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"இது என்ன ரகம்?" என்று கேட்டேன். "புகாரா" என்றார். எங்கே நெய்தது என்றதற்கு, "ஆப்கானிஸ்தான், அக்சா பக்கம்." இந்தப் பூவுக்கு என்ன பெயர்? "ஃபில்பா. யானைப்பாதம்."

புகாரா இருப்பது உஸ்பெகிஸ்தானில். சுற்றுவட்டாரத்துத் துருக்மேன்கள் நெய்தவை அந்த ஊர்ச் சந்தையில் கைமாறின. அதனால் சந்தையின் பெயரே ரகத்தின் பெயராகிவிட்டது. யானைப்பாதம் இன்னும் வேடிக்கை. பெரிய எண்கோணம் ஒன்றை நான்காகப் பகுத்து, எதிரெதிர் மூலைகளுக்கு ஒரே நிறம் கொடுத்து, உள்ளே மூவிலைக் கொத்துகளை நிரப்பியது அது. பார்த்தால் யானையின் காலடித் தடம்போல இருக்கிறது, சரிதான். ஆனால் துருக்மேன் புல்வெளியில் யானை ஏது? அதை முடிகிற பெண்கள் 'குல்' என்கிறார்கள். யானை, பஜாரில் வந்து சேர்ந்தது.

ஆப்கான் கம்பளத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டாக எழுதப்பட்டு வரும் நூல்களில் இந்தப் பெயர்ச் சிக்கல் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் இதைத் தீர்க்க வேண்டிய குழப்பமாகப் பார்த்து, சரியான இனப்பெயரைத் தேடிப் பட்டியல் போடுகிறார்கள். எனக்கோ இந்தத் தொழிலின் வரலாறே இந்தப் பெயர்களில்தான் இருப்பதாகப் படுகிறது. விற்றவர், வாங்கியவர், ஆண்டவர், ஆராய்ந்தவர் என்று எல்லாருமே கம்பளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முடிந்தவள் வைத்த பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

*

பவானி ஜமக்காளத்தைத் தெரிந்தவர்களுக்கு நெசவை விளக்குவது எளிது. ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டும்தான். வண்ண ஊடை, பாவை மூடிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் சமதளமாக இருக்கும். ஆப்கானியர்கள் நெய்யும் கிலிம் ஏறக்குறைய இந்த வகை. முடிச்சுக் கம்பளத்தில் பாவும் ஊடையும் உள்ளே மறைந்து கிடக்கும் எலும்புகள். கண்ணுக்குத் தெரிகிற நிறம் முழுவதும் தனித்தனியாக முடிந்து அறுத்த கம்பளி நுனிகள்.

முடிவது இப்படி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாவு இழைகளைச் சுற்றி நூலை வளைத்து, கீழே இழுத்து, கத்தியால் நுனியை அறுக்க வேண்டும். பழகிய கையில் இது இரண்டு மூன்று நொடி வேலை. வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். பிறகு கத்தரியால் நுனிகளை மட்டம் செய்வார்கள். மறுபடி முதல் முடிச்சு. இரண்டு இழைகளையும் முழுக்கச் சுற்றினால் அது துருக்கி முடிச்சு. ஒன்றைச் சுற்றி மற்றதன் அடியில் நுழைத்து எடுத்தால் பாரசீக முடிச்சு. இங்கேயும் பெயரை நம்ப முடியாது. வடக்கு ஆப்கானிஸ்தானின் முக்கிய நெசவாளர்களான எர்ஸாரித் துருக்மேன்கள் பேசுவது துருக்கியக் குடும்ப மொழி. போடுவது பெரும்பாலும் பாரசீக முடிச்சு.

பழைய தறி தரையில் கிடப்பது. முளைகளை அடித்து, இரண்டு மரங்களைக் கட்டி, இடையே பாவை இழுத்துவிட்டால் தறி தயார். நெய்து முடித்த பகுதியின் மேலேயே பெண்கள் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்வார்கள். இடம்பெயர வேண்டியிருந்தால் முளையைப் பிடுங்கி, பாதிக் கம்பளத்தோடு மரத்தைச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். போன இடத்தில் மறுபடி இழுத்துக் கட்டும்போது இறுக்கம் சற்று மாறும். பழைய கம்பளங்களின் ஓரம் நேராக இல்லாமல் நெளிந்திருப்பதற்கு இது ஒரு காரணம். நகரத்துக் கூடங்களில் இப்போது நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தறிகள். எதிரே கட்டம் போட்ட காகிதத்தில் வடிவம். கிராமத்துத் துருக்மேன் பெண்ணுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அம்மாவோடு உட்கார்ந்த காலத்திலேயே அது விரலில் ஏறிவிடும்.

கம்பளம் என்றதும் நமக்குத் தரைதான் நினைவுக்கு வருகிறது. நாடோடிகளின் வீட்டில் தரைக்குப் போட்டது ஒரு பங்குதான். கூடாரத்தின் வாசலுக்குத் திரையாக எங்ஸி, துணிமணி வைக்கும் பெரிய பையாக ஜுவால், சுவரில் தொங்கும் சிறு பையாகத் தோர்பா, கழுதையின் முதுகில் இரட்டைப் பையாகக் குர்ஜின், உப்புக்குக் குறுகிய கழுத்துடைய நமக்தான் என்று அலமாரி, பெட்டி, கதவு எல்லாமே முடிச்சில்தான். இன்று அருங்காட்சியகச் சுவரில் தட்டையாக மாட்டியிருக்கும் பல துண்டுகள் ஒரு காலத்தில் வீங்கிப் புடைத்திருந்த பைகள்.

*

கம்பள வியாபாரிகளின் விற்பனைப் புத்தகங்கள் வழக்கமாக பாஸிரிக்கில் தொடங்கும். 1949இல் செர்கேய் ருதென்கோ, சைபீரியாவின் அல்தாய் மலையில் உறைபனி மூடிய ஒரு கல்லறையிலிருந்து எடுத்த கம்பளம் அது. வயது கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு. சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 36 முடிச்சு. நான் தில்லியில் எண்ணியதைவிட நெருக்கம். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை யார் எங்கே நெய்தார்கள் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதிலிருந்து ஒரே தாவலில் இன்றைய மஸார்-ஏ-ஷரீஃப் தறிக்கு வந்து, 'இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு அறுபடாத மரபு' என்று எழுதுவது விற்பனைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

ஹெராத்துக்கு உண்மையிலேயே பழைய பெருமை உண்டு. தைமூரிய அரசவையும் ஓவியர் பெஹ்ஸாதும் இருந்த நகரம் அது. அந்தக் காலத்து நுண்ணோவியங்களில் அரசர்களின் காலடியில் கம்பளங்கள் தெரிகின்றன. வைரக்கட்டத்துக்குள் பூவும், சுற்றிலும் மீன்போல வளைந்த இலைகளுமாக ஈரான், இந்தியா முழுக்கப் பரவிய வடிவத்துக்கு இன்றும் 'ஹெராத்தி' என்றே பெயர். ஆனால் அந்த அரசவைக் கம்பளத்துக்கும் இன்று 'ஆப்கான்' என்று உலகம் அறிந்த கருஞ்சிவப்புக் கம்பளத்துக்கும் நேரான வழித்தொடர்பு இல்லை. இது வேறு கைகளில், வேறு வழியாக வந்தது.

அந்த வழி ஆமு தரியா. ஆற்றின் இரு கரைகளிலும் எர்ஸாரிகள் வாழ்ந்தார்கள். 1920இல் செம்படை புகாராவைப் பிடித்தது. அமீர் ஆலிம் கான் தப்பிக் காபூலுக்கு வந்தார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும், பிறகு சோவியத் அரசு மந்தைகளைக் கூட்டுடைமை ஆக்கியபோதும், துருக்மேன்களும் உஸ்பெக்குகளும் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடந்தார்கள். கராகுல் ஆடுகளோடும் தறி மரங்களோடும் வந்தவர்கள் அந்த்கோய், அக்சா, தௌலதாபாத், குந்தூஸ் பக்கம் குடியேறினார்கள். கராகுல் தோலும் கம்பளமும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆப்கானிஸ்தானின் முதன்மையான ஏற்றுமதிகளில் இரண்டு. நாட்டின் பாரம்பரிய முகமாக விமான நிலையச் சுவரொட்டிகளில் தோன்றும் இந்தக் கைவினையைப் பெரிதாக்கியவர்கள் அகதிகள். மரபு என்றால் ஒரே மண்ணில் வேர்விட்டு நிற்பது என்று நினைக்கிறவர்களுக்கு இது இடறலாம்.

பெயர்களும் அப்படியே வந்தன. மெர்வ் நகரத்திலிருந்து வந்தவர்களின் நுணுக்கமான நெசவு 'மவ்ரி' ஆனது. சிவப்பும் கருநீலமுமாக இன்று அதிகம் விற்கும் ரகம் 'கால் முகம்மதி', அது ஓர் ஆணின் பெயர். 1933 முதல் 1973 வரை ஆண்ட மன்னரின் பெயரில் 'ஸாஹிர் ஷாஹி' என்றொரு வடிவம். மேற்கே பலூச்சிகள் ஒட்டக மயிரின் பழுப்பில் நெய்யும் சிறிய தொழுகைக் கம்பளங்களும், தைமானிகளின் முரட்டு நெசவும், உஸ்பெக்குகளின் நீள்மயிர்க் கம்பளமும் தனி உலகங்கள். ஹஸாராக்கள் பெருமளவில் இந்தத் தொழிலுக்கு வந்தது அண்மைக்காலத்தில்தான். இவர்களைப் பற்றி முறையாக எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

*

ஆராய்ச்சியாளர்களின் பெரிய சண்டை குல்லைப் பற்றியது.

சோவியத் ஆய்வாளர் வாலெந்தினா மோஷ்கோவா, மத்திய ஆசியாவில் நெசவாளர்களிடையே நேரில் அலைந்து தகவல் திரட்டியவர். அவருடைய பெருநூல் அவர் இறந்த பிறகு 1970இல் வெளிவந்தது. அவர் முன்வைத்த கருத்து கவர்ச்சியானது. ஒவ்வொரு இனக்குழுவுக்கும் ஒரு குல் உண்டு. அதுதான் அதன் கொடி, முத்திரை. ஒரு குழு இன்னொன்றிடம் தோற்றால், வென்றவரின் குல்லைத் தன் பெரிய கம்பளத்தில் நெய்தாக வேண்டும். தோற்றவரின் குல் மெல்ல மெல்லப் பைகளுக்கும் சிறு விரிப்புகளுக்கும் ஒதுங்கிவிடும். அப்படி ஒதுங்கியதை இறந்த குல் என்றார். முத்திரையாக நிற்பதை உயிருள்ள குல் என்றார்.

சேகரிப்பாளர்களுக்கு இது அமிர்தமாக இருந்தது. கம்பளத்தை விரித்தால் போர் வரலாறு தெரிகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் பின்னால் வந்தவர்கள் பல முரண்களைக் காட்டினார்கள். ஒரே குல்லைப் பகையில்லாத பல குழுக்கள் நெய்திருக்கின்றன. கல்யாணமாகிப் போகும் பெண் தன் தாய்வீட்டு வடிவத்தைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். நன்றாக விற்கிற பூவை எல்லாருமே நெய்கிறார்கள். எனக்கு இதில் கல்யாண விளக்கம்தான் நம்பும்படி இருக்கிறது. தளபதிகள் தறியில் உட்காரவில்லை, மருமகள்கள் உட்கார்ந்தார்கள்.

இந்த விவாதத்தையே வேறு பக்கம் திருப்பியது மானுடவியலாளர் பிரையன் ஸ்பூனர் 1986இல் எழுதிய கட்டுரை. அது வெளிவந்த தொகுப்பு நூலின் பதிப்பாசிரியர் அர்ஜுன் அப்பாதுரை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பற்றி ஆய்வு நூல் எழுதிய அதே அப்பாதுரை. துருக்மேன் கம்பளத்தில் 'அசல்' என்று நாம் தேடுவது எது என்று ஸ்பூனர் கேட்டார். நெசவாளிக்கு அந்தக் கேள்வியே இல்லை. அவளுக்கு வேண்டியது விற்கக்கூடிய நல்ல கம்பளம். அசல் என்ற ஏக்கம் வாங்குகிறவருடையது. தூரத்து மனிதர்கள் மாறாமல் இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். வியாபாரி இடையில் நின்று அதற்கேற்ற கதையைத் தருகிறார். நாற்பதாண்டு ஆகியும் இதைத் தாண்டிய கட்டுரையை நான் படிக்கவில்லை. ஒரு குறை மட்டும் சொல்லலாம்: வாங்குகிறவரை அலசிய அளவுக்கு அதில் நெசவாளி பேசவில்லை.

குல் இதற்கிடையே அரசியலிலும் ஏறிவிட்டது. சோவியத் உடைந்ததும் துருக்மேனிஸ்தான் தன் கொடியில் ஐந்து குல்களை நிறுத்தியது. 2019இல் துருக்மேன் கம்பளக் கலை அந்த நாட்டின் பேரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே எர்ஸாரிகள் அதே குல்லை முடிந்தால் அதற்குப் பெயர் 'ஆப்கான்'. லாகூரிலும் கராச்சியிலும் முடிந்தால் 'பாகிஸ்தானி புகாரா'.

*

நிறத்துக்கு வருவோம். இங்கேதான் நமக்கும் அந்தக் கம்பளத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது.

ஆப்கான் சிவப்பு ஒரு வேரிலிருந்து வருகிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டியின் இனம் அது. மூன்று வயதாவது ஆன செடியின் வேரைத் தோண்டி, உலர்த்தி, இடித்துப் பொடியாக்குவார்கள். கம்பளி நூலை முதலில் படிகார நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது. பிறகு வேர்ப்பொடிக் கொப்பரையில் போட்டுச் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்படிக்கும். அந்த வேரில் நிறம் தருவது அலிஸரின். கோரமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய நம் சாயவேரிலும் இருப்பது அதுவே. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். சில ஆண்டுகளில் இங்கே சாயவேர் தோண்டியவர்களும் அங்கே மஞ்சிட்டி பயிரிட்டவர்களும் ஒரே அடியில் விழுந்தார்கள்.

நீலம் இந்தியாவிலிருந்து போனது. முல்தான், ஷிகார்பூர் வணிகர்கள் அவுரிக் கட்டிகளை மலைக் கணவாய்கள் வழியாகப் புகாரா வரை கொண்டுபோய் விற்றார்கள். நீலத் தொட்டியின் வித்தை வேறு மாதிரி. தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும் நொடியில் நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை கறுத்து நீலமாகும். மஞ்சளுக்கு இஸ்பரக் என்ற காட்டுப்பூவும் மாதுளை ஓடும், பழுப்புக்கு அக்ரூட் தோடும்.

கொப்பரை சிறியது, ஒரு கம்பளத்துக்கு வேண்டிய நூலெல்லாம் ஒரே தடவையில் சாயமேறாது. இரண்டாவது ஈடு முதலாவதைப் போலவே அமையாது. அதனால் கம்பளத்தின் நடுவே எங்கோ ஓரிடத்தில் சிவப்பு சட்டென்று ஒரு படி மாறும். இதை அப்ராஷ் என்பார்கள். தில்லியில் நான் எண்ணிய கம்பளத்திலும் இருந்தது. மேல் விளிம்பிலிருந்து ஒரு முழம் கீழே, நேர்க்கோடாக. அந்தக் கோட்டுக்கு அப்புறம் சிவப்பு சற்றே செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நாளில் பழைய நூல் தீர்ந்திருக்கிறது. புது ஈடு வந்திருக்கிறது. பதின்மூன்று லட்சம் முடிச்சில் தேதி போட்டதுபோல் இருந்த இடம் அது ஒன்றுதான்.

*

சந்தையின் ருசி மாறும்போது இந்தக் கம்பளம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய வீடுகளில் வெளிர்நிறச் சாமான்கள் புழக்கத்துக்கு வந்தன. கருஞ்சிவப்பு எடுபடவில்லை. உடனே கம்பளங்களை ரசாயனத்தில் வெளுத்து, சிவப்பை இளம்பொன் நிறமாக்கி, 'தங்க ஆப்கான்' என்று விற்றார்கள். வெளுக்கும்போது கம்பளியின் உயிரும் சேர்ந்து போனது. பதமாக ஏற்றிய நிறத்தை ஒரே தொட்டியில் கழுவி ஊற்றிவிட்டு, அதற்கு அதிக விலையும் வைத்தார்கள்.

1978 ஏப்ரலில் ஆட்சிக் கவிழ்ப்பு. 1979 டிசம்பரில் சோவியத் படை. லட்சக்கணக்கான ஆப்கானியர்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் போனார்கள். பெஷாவர் முகாம்களில் மறுபடி தறிகள் எழுந்தன. இந்த முறை நூல் முதலாளியுடையது, வடிவம் முதலாளியுடையது, கூலி மட்டும் மீட்டர் கணக்கில் நெசவாளிக்கு. துருக்கியில் 1981இல் தொடங்கிய தோபாக் திட்டம் இயற்கைச் சாயத்தை மீட்டுக் காட்டியிருந்தது. பெஷாவரிலும் பழைய சாயக்காரர்கள் மஞ்சிட்டிக்கும் மாதுளைக்கும் திரும்பினார்கள். 1990களில் அங்கே பிறந்ததுதான் 'சோபி'. கஸ்னிக் கம்பளி, இயற்கைச் சாயம், வெளிர்நிறம், பெரிய பூக்கள். இதற்கு இன்னொரு பெயர் 'ஸீக்லர்'. மான்செஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரானின் சுல்தானாபாத்தில் ஐரோப்பியக் கூடங்களுக்காகக் கம்பளம் நெய்வித்த நிறுவனத்தின் பெயர் அது. ஆமு தரியாக் கரையிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பேத்தி, பெஷாவர் முகாமில் உட்கார்ந்து, மான்செஸ்டர் கம்பெனியின் பெயரால் அறியப்படும் ஈரானியப் பூவை முடிகிறாள். அமெரிக்க வாடிக்கையாளர் அதை 'ஆப்கான் மரபு' என்று வாங்குகிறார். ஈரானியக் கம்பளத்துக்கு அமெரிக்கா 2010இல் மீண்டும் தடை போட்டபோது இந்த ரகத்துக்கு வாசல் இன்னும் அகலத் திறந்தது.

சோபியில் அப்ராஷை வேண்டுமென்றே போடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைவேலையின் அடையாளம் என்று மேற்கத்திய வாடிக்கையாளர் அதை விரும்புகிறார். அதனால் ஒரே சிவப்பை இரண்டு மூன்று சாயலில் ஏற்றி, எங்கே மாற்ற வேண்டும் என்பதைப் படத்திலேயே குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். புதுக் கம்பளத்தை வெயிலில் கிடத்துவதும், நடுவீதியில் விரித்து வண்டிகள் ஏறிப்போக விடுவதும் இதே காரியத்துக்குத்தான்.

2001க்குப் பிறகு அகதிகள் பலர் நாடு திரும்பினார்கள், தறிகளும் திரும்பின. ஆனால் தறியிலிருந்து இறங்கிய கம்பளம் விற்பனைக்கு ஆகாது. பின்பக்கத்துப் பிசிறைத் தீயால் பொசுக்க வேண்டும், மயிரைச் சீராகக் கத்தரிக்க வேண்டும், கழுவ வேண்டும், இழுத்து உலர்த்த வேண்டும். இந்த வேலைக்கான கூடங்கள் பெரும்பாலும் பாகிஸ்தானில்தான் இருந்தன. அங்கே கழுவி, அங்கேயே 'பாகிஸ்தான் தயாரிப்பு' என்று சீட்டு ஒட்டிக் கப்பலேறியது பெரும்பகுதி. கழுவுகிற இடத்தில்தான் பெயர் ஒட்டுகிறது. லாபமும் அங்கேதான் தங்கியது. 2017 ஜூனில் காபூலுக்கும் தில்லிக்கும் இடையே வான்வழிச் சரக்குப் பாதை திறந்தபோது, பெருங்காயமும் உலர்பழமும் வரும் வழியில் கம்பளமும் நேராக வரலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நாலு வருடத்தில் காபூலில் ஆட்சியே மாறிவிட்டது.

*

போர்க் கம்பளங்களைத் தவிர்த்துவிட்டு இந்தப் பெயர்க் கேள்வியை முடிக்க முடியாது. சோவியத் படையெடுப்பை ஒட்டி, முதலில் பெரும்பாலும் பலூச்சி வகைக் கம்பளங்களில், பூவிருந்த இடத்தில் ஹெலிகாப்டர் வந்தது. ஓரத்தில் பூங்கொடிக்குப் பதில் வரிசையாகக் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகள். மலர்க்கொத்து இருக்க வேண்டிய மூலையில் கையெறி குண்டு. 2001க்குப் பிறகு நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களைக் காட்டும் சிறு விரிப்புகள் காபூலின் சிக்கன் ஸ்ட்ரீட்டில் வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கு விற்றன. பின்னர் ட்ரோன்.

இவை எதிர்ப்புக் குரலா, சாட்சியமா, சுற்றுலாப் பண்டமா? ஆஸ்திரேலியாவின் நைஜல் லெண்டன், டிம் போனிஹாடி போன்றவர்கள் இவற்றைக் கலைப்படைப்பாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். கான்பெராவில் 2003இல் கண்காட்சியும் நடந்தது. கோபுர விரிப்பின் ஒரு பகுதி, அமெரிக்க விமானங்கள் வீசிய துண்டுப் பிரசுரத்தின் படத்திலிருந்து வந்தது என்று காட்டியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த விரிப்பை 'நெசவாளியின் அரசியல் அறிக்கை' என்று படிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வியாபாரி தாளைக் கொடுத்திருப்பார், அவள் முடிந்திருப்பாள். ஆனால் முதல் ஹெலிகாப்டர் அப்படி வந்திருக்காது என்றும் தோன்றுகிறது. யாரும் கேட்காமல், தலைக்கு மேல் கண்டதை ஒருத்தி பூக்களுக்கிடையே வைத்திருக்கிறாள். பிறகு அது விற்றது. பிறகுதான் கேட்டு வாங்கினார்கள். 'போர்க் கம்பளம்' என்ற பெயரும் வாங்கியவர்கள் வைத்ததே.

*

தறி வீட்டின் உள்ளே நடப்பதைப் பற்றி விற்பனைப் புத்தகங்கள் பேசுவதில்லை. கம்பளித் தூசு நெஞ்சில் படிகிறது. குந்தியே இருப்பதால் இடுப்பும் முதுகும் போகின்றன. நாற்பதுக்குள் கண் மங்குகிறது. வடக்கு மாகாணங்களில் வலியை மறக்கப் பெண்கள் அபின் எடுப்பதையும், அம்மா தறியில் இருக்கும்போது அழாமல் உறங்கக் கைக்குழந்தைக்குச் சிறிதளவு அபின் கொடுப்பதையும் பல ஆண்டுகளாகச் செய்தியாளர்களும் உதவி நிறுவனங்களும் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். வீட்டுத் தறி என்றால் பிள்ளைகளும் உட்காருவார்கள். சின்ன விரல்தான் நுணுக்கமாக முடியும் என்று ஒரு பேச்சு கம்பளத் தொழிலில் எல்லா நாட்டிலும் உண்டு. இந்தியக் கம்பளத் தொழிலை 1990களில் ஆராய்ந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆய்வு, அப்படி ஒன்றும் இல்லை என்று கண்டது. பிள்ளைகள் உட்காருவது விரலுக்காக அல்ல, கூலிக்காக.

நெசவாளியைத் தேடிப்போன முயற்சிகளும் உண்டு. 2004இல் தொடங்கிய 'அர்ஸு' அமைப்பு நல்ல கூலியோடு, வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒப்பந்தத்தையும் போட்டது. 2006இல் காபூலில் தோன்றிய 'டர்க்வாய்ஸ் மவுண்டன்' கைவினைஞர்களுக்குச் சந்தை தேடித் தந்தது. அளவில் இவை சிறியவை. ஆனால் யார் நெய்தது என்ற கேள்வியை வியாபாரத்துக்குள் கொண்டுவந்தவை.

2021 ஆகஸ்டில் தாலிபான் மறுபடி காபூலுக்குள் நுழைந்தார்கள். வங்கிகள் முடங்கின, வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வழி அடைந்தது. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி மூடியது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகம் மூடியது, 2023 ஜூலையில் அழகு நிலையங்களும் மூடின. வீட்டுக்குள் செய்யும் வேலை என்பதால் தறி மட்டும் மூடவில்லை. சட்டமும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த பெண்கள் காபூல், ஹெராத் கூடங்களில் சீப்பைக் கையில் எடுத்தார்கள். 2023 இறுதியிலிருந்து பாகிஸ்தான் ஆப்கானியர்களைப் பெருந்திரளாகத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, பெஷாவரில் பிறந்து சோபி முடியக் கற்ற கைகளும் அவர்களோடு வந்தன. ஆகத் தறியில் உட்காரும் பெண்களின் எண்ணிக்கை கூடுவதைக் 'கைவினையின் மறுமலர்ச்சி' என்று எழுதுகிற கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். அவர்களில் பலர் தறியைத் தேடி வரவில்லை. மற்றக் கதவுகள் சாத்தியதால் இங்கே வந்திருக்கிறார்கள்.

தில்லிக் கடையில் கிளம்பும்போது கேட்டேன், இதை முடிந்தது யார் என்று தெரியுமா என்று. அப்படியொரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "வீட்டுப் பெண்கள்தான்" என்றார். பிறகு, நான் இன்னும் கம்பளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, வாங்கிவிடுவேன் என்று நினைத்தோ என்னவோ, நிறம் மாறியிருந்த கோட்டின்மேல் விரலை வைத்து, "இந்தக் குறைக்காக நாலாயிரம் ரூபாய் தள்ளித் தருகிறேன்" என்றார்.